கண் எழுதாத பொம்மை

பல் விளக்க வாசலுக்கு வந்த பாலகிருஷ்ணன் பிரஷ்ஷை வாயிலேயே விட்டுவிட்டு நின்றார்.

தன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே வெறுந்தரையில் ஒரு பீங்கான் பொம்மை. கண் எழுதாத வெள்ளை மூஞ்சி அவரையே பார்த்தது.

"வேல்விழி! இங்க வா!"

அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பொம்மைக் கம்பெனியில்தான் வேலை. அவர் மனைவி வேல்விழி அங்கே பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். பொம்மையைக் கண்டதும் கன்னத்தில் கை வைத்தாள்.

"கண்ணு எழுதாதத நாங்க வெளியவே எடுக்க மாட்டோம்ங்க. வூட்டுக்கு ஆவாது."

"எல்லாம் அந்த ஆன் மேரி வேலை. செய்வினை வெக்கிறா!"

எல்லைக்கல் தன் பக்கம் இரண்டடி தள்ளி வந்திருக்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள் பக்கத்து வீட்டு ஆன் மேரி. அந்த இரண்டடி போனால், பக்கவாதத்தில் விழுந்த அவள் புருஷனின் சக்கர நாற்காலி தெருவுக்கு வர வழியில்லை. அளக்கச் சொல்லி மனுவும் கொடுத்திருந்தாள். கல் இருக்கிற இடம்தான் எல்லை என்பது பாலகிருஷ்ணன் கட்சி. சர்வேயர் வருவதற்குள் மதிலை எழுப்பிவிட வேண்டும் என்று செங்கல்கூட இறக்கியாயிற்று.

பொம்மையைத் தரையில் அடித்து உடைத்தார்.

"மாதா சத்தியமா நான் வெக்கலண்ணே. எங்க வூட்ல இதெல்லாம் கெடையாது," என்றாள் ஆன் மேரி.

மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று. அதையும் உடைத்தார். அடுத்த நாளும் வந்தது. ஒரு விரற்கடைகூட விலகவில்லை.

அப்போதுதான் அவர் சட்டென்று பின்வாங்கினார். பொம்மையைப் பார்த்தல்ல, இடத்தைப் பார்த்து.

ஆன் மேரி புருஷனோடு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தெருவே வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவர் எல்லைக்கல்லைப் பிடுங்கிய குழி அது. மண்ணைத் தள்ளி, மிதித்து, தண்ணீர் தெளித்து, தடமே இல்லாமல் செய்திருந்தார். இன்ன இடம் என்று ஆன் மேரியாலேயே காட்ட முடியவில்லை. பொம்மைக்கு எப்படித் தெரிந்தது?

சோறு இறங்கவில்லை. கதவைத் திறக்கவே பயமாக இருந்தது.

"மங்கலம்பேட்டைக்குப் போயி மந்திரிச்சுக்கிட்டு வரட்டா?" என்றார்.

"எதுக்குங்க அலைச்சல்? அது உக்கார்ற எடத்துல கல்ல நட்டுடுங்க. அப்புறம் எங்க உக்காரும்?" என்றாள் வேல்விழி.

அன்று சாயங்காலமே, தெரு பார்க்க, கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார்.

"சீக்காளி மனுசனுக்காக வுட்டுக் குடுக்கறேம்மா," என்று வாய் கூசாமல் வேறு சொன்னார். ஆன் மேரி அழுதுகொண்டே கும்பிட்டாள். தெருவே அவரை மெச்சியது.

மறுநாள் பொம்மை வரவில்லை. நிம்மதியாகக் காபி கேட்க அடுப்படிக்குப் போனவர் அப்படியே நின்றார்.

வேல்விழியின் சாப்பாட்டுக் கூடையில், துணிக்கடியில், இன்னும் இரண்டு பொம்மைகள். ஒன்றுக்கும் கண் இல்லை.

"நீயா? கல்லப் புடுங்குன அன்னிக்கு நீ வேலைக்குல்ல போயிருந்த?"

"தலைவலின்னு பாதியில வந்தேன். நீங்க கடப்பாரையோட நின்னீங்க. அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

கூடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணு இல்லாதது பொம்மைக்குத்தாங்க. எனக்கு இருக்குதே."