கழற்றிப் போட்ட அங்கி

"வண்டியை ஓட்டினவன் பேரை மட்டும் சொல்லுங்க ஃபாதர். எங்க அக்கா ஆத்மா அடங்கட்டும்."

மேஜையில் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. சங்மின் என்று சொல்லிக்கொண்டு வந்த அந்த ஆள் ஒரு வாய்கூட வைக்கவில்லை. ஜொன்ஜு நகரத்தில் கியூஷிக் நடத்தும் இந்தக் கடையைத் தேடிப் பிடிக்கவே ஒரு வருஷம் ஆனதாம்.

"என்னை ஃபாதர்னு கூப்பிடாதீங்க," என்றார் கியூஷிக். "அங்கியைக் கழட்டி நாலு வருஷம் ஆச்சு. கோயில் பக்கமே போறதில்ல."

அதற்கு முந்தைய வருஷம்தான் அது நடந்தது. விடியற்காலையில் வீட்டுக்கு வீடு தயிர் போடும் பெண்ணை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. பங்குச் சாமியாராக இருந்த கியூஷிக்தான் அவளை அடக்கம் செய்தார்.

மறுவாரம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து அவர் பேயறைந்தவர் போல வெளியே வந்தார். ஓட்டியவன் வந்து சொல்லிவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தொட்டியில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. உயிரே போனாலும் கூடாது.

"சாமியே வேணாம்னு வந்தவருக்கு சாமியோட சட்டம் மட்டும் எதுக்கு?" என்றான் சங்மின்.

"வேலையை விட்டேன். கொடுத்த வாக்கை விடல."

"விட்டுட்டுப் போறவங்க எல்லாம் அரைகுறைங்கதான். வேதம் புரிஞ்சிருந்தா போயிருப்பீங்களா? நான் ஒரு ஞாயிறு பூசை தவறினதில்ல, தெரியுமா?"

அடுப்படியில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி மிரானுக்குப் பொறுக்கவில்லை. "சொல்லித் தொலைங்களேன். நீங்க புரண்டு புரண்டு படுக்கறதை நான்தானே பாக்கறேன்."

கியூஷிக்கின் கண் கலங்கியது. அடக்கத்தன்று செத்தவளின் அம்மா அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இன்னும் காதில் இருந்தது. சொல்லிவிட்டால் அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைக்கும். ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தார்.

"போலீஸ்ல போய் நில்லுன்னு மூணு தடவை கெஞ்சினீங்க. கேட்டானா? அவனுக்காகவா வாயை மூடிட்டு இருக்கீங்க?" என்றான் சங்மின்.

"அப்படி ஒருத்தர் வந்தாரா இல்லையான்னுகூட சொல்ல மாட்டேன்."

"சாகிற வரைக்குமா?"

"சாகிற வரைக்கும்."

சங்மின் பெருமூச்சு விட்டான். விறைத்திருந்த தோள்கள் இறங்கின. கிண்ணத்தை இழுத்து, ஆறிப்போனதை மளமளவென்று சாப்பிட்டு முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு கியூஷிக்கின் கையைப் பிடித்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஃபாதர். அவ எனக்கு அக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்கு வண்டி ஓட்டினவனே நான்தான். நீங்க கோயிலை விட்டுட்டீங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து எனக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

முள்ளங்கி நறுக்கும் சத்தம் நின்றது. மிரான் வந்து கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கியூஷிக் கையை விடுவித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"என்ன ஃபாதர் இது? செத்தாலும் சொல்ல மாட்டேன்னு இப்பதானே சொன்னீங்க?"

"தொட்டியில கேட்டதைத்தான் தம்பி சொல்லக் கூடாது. இது நூடுல்ஸ் கடை."