மேஜைக்கு அடியில்

"கையெழுத்தைப் போடுங்க மாப்பிள்ளை. பேனா இல்லைன்னா இந்தாங்க, என்கிட்ட இருக்கு."

வக்கீல் அண்ணன் கடிதத்தைத் தன் தங்கையின் கணவன் முன்னால் தள்ளினார். மனநல ஆலோசகராகப் பழைய ஆஸ்பத்திரியிலேயே மறுபடி சேர்ந்துகொள்வதாக அவரே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் காலில் விழுந்தாலும் கிடைக்காது.

பதினோரு வருஷ வேலை. அதை உதறிவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மசாஜ் தெரபி படித்து, வீட்டு முன்னறையில் மேஜை போட்டு, எட்டு மாதமாக ஊரார் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறான். அண்ணனோ இந்த வீட்டுக்கு வந்தால் அந்த அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே கூடத்துக்கு வந்துவிடுவார்.

"அவ்வளவு படிப்பும் தண்ணியில போச்சா?" என்றார் இப்போது.

"போகல மச்சான். விரலுக்கு வந்திருக்கு."

"மனசு டாக்டர்னு சொல்லித்தானே என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தேன்? கோர்ட்டுல கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"கழுத்து வலிச்சா வரச் சொல்லுங்க."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் யாராவது கேட்டால் 'ஆஸ்பத்திரியில இருக்கார்' என்று இன்றுவரை மழுப்புகிறவள்தான் அவளும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்படுவதை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருந்தது.

ஏன் விட்டீர்கள் என்று அண்ணன் நூறாவது தடவையாகக் கேட்டார். கணவன் நூறாவது தடவையாகச் சொன்னான்.

"அங்கே என் அறை வாசல்ல 'மனநலம்'னு போர்டு. பாதிப் பேர் அதைப் பார்த்துட்டே திரும்பிப் போயிடுவாங்க, யாராவது பார்த்துடப் போறாங்களேன்னு. முதுகு வலின்னு வர்றதுக்கு யாரும் கூச்சப்படறதில்லை. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு மச்சான். கையெழுத்துப் போட மாட்டேன்."

அண்ணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. கோர்ட்டில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"இதெல்லாம் ஒரு தொழிலா? மேஜையில ஓட்டை போட்டு அதுல மூஞ்சியை வைக்கச் சொல்றீங்க. கீழே தரையில ஒரு சீட்டு. 'அழுகை வந்தா அழுங்க, தரையை நான் துடைச்சுக்கறேன்.' முதுகு பிடிக்கிற இடத்துல எதுக்கு இந்த வசனம்? பதில் சொல்லுங்க."

அதுவரை சுடச்சுடப் பதில் கொடுத்த கணவன் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"பார்த்தியா? வாயடைச்சுப் போச்சு," என்று அண்ணன் தங்கையிடம் திரும்பினார்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. துவைத்த துண்டுகளை அடுக்கி வைக்க மட்டும்தான் அவள் அந்த அறைக்குப் போவாள். பெருக்குவது, துடைப்பது எல்லாம் அவன் வேலை. அப்படியொரு சீட்டை அவள் பார்த்ததே இல்லை. விடுவிடென்று எழுந்து போனாள்.

சுவரில் ஒன்றும் இல்லை. தரையிலும் ஒன்றும் இல்லை. ஓட்டையை மட்டும் விட்டு மேஜை மேல் விரித்திருந்த துணி நாலு பக்கமும் தரைவரை தொங்கியது. கொஞ்சம் தயங்கிவிட்டு மேஜைமேல் ஏறிக் குப்புறப் படுத்தாள். ஓட்டையில் முகத்தை வைத்தாள்.

நேர் கீழே ஒட்டியிருந்தது சீட்டு. கணவனின் கையெழுத்து. அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அங்கங்கே சொட்டு விழுந்து மை கரைந்திருந்தது. அந்த மேஜையில் முகம் புதைத்துப் படுத்தவர் தவிர வேறு யார் கண்ணிலும் அது பட வழியில்லை.

பிறகு எழுந்து வந்து, கடிதத்தை நாலாக மடித்து அண்ணனின் சட்டைப் பையில் வைத்தாள்.

"அவர் போட மாட்டார்ண்ணா. நானும் போடச் சொல்ல மாட்டேன்."

"நான் கேட்ட கேள்விக்கு அவர்கிட்ட பதிலே இல்லையேம்மா."

"இருக்கு. சொல்ல மாட்டார்."

வேண்டாம் என்று கணவன் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அண்ணனை வழியனுப்பத் தனியாக வாசல்வரை போனாள். அவர் குனிந்து செருப்பு மாட்டும்போது காதருகே மெல்லச் சொன்னாள்:

"இனிமே நான் வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்து வராதேண்ணா. நான் இருக்கும்போதே வா."