தோள் அத்தை

“ஒரு மடக்கு பிராந்திதான் மேடம். சிநேகிதிக்குப் பிறந்தநாள். சாப்பாட்டு நேரம் என் சொந்த நேரம்தானே?”

கிராம்பு மென்றும் மாட்டிக்கொண்ட பணிப்பெண் கெஞ்சினாள். குழந்தைகள் காப்பகத்தின் நிர்வாகி அருகில் வந்து மூச்சை இழுத்தாள். அவள் முகம் சட்டென்று இளகியது. வேலை தப்பியது என்று பணிப்பெண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இதே வாசனைதான்! சின்ன வயசுல நான் இருந்த காப்பகத்துல ஒருத்தங்க, மத்தியானம் தோள்ல போட்டு முதுகைத் தட்டித் தூங்க வைப்பாங்க. தோள் அத்தைன்னு கூப்பிடுவோம். சாயங்காலம் அம்மா வந்தாக்கூட அவங்க கழுத்தை விட மாட்டேன். அப்புறம் எத்தனையோ தடவை கிராம்பை மோந்து பாத்திருக்கேன், அந்த வாசனை வந்ததே இல்ல. ஏன்னு இப்பத்தான் புரியுது.”

“பாத்தீங்களா மேடம், குடிச்சாலும் பாசம் குறையாது!”

“குறையவே இல்ல.” நிர்வாகி நெற்றி முடியை ஒதுக்கினாள். புருவத்துக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு. “ஓடி விளையாடும்போது விழுந்துட்டேன்னு அம்மாகிட்ட சொன்னாங்களாம். நானும் அதைத்தான் நம்பிட்டிருந்தேன். ஆனா விழுறதுக்கு முன்னாடி கடைசியா எனக்கு ஞாபகம் இருக்கறது இந்த வாசனை மட்டும்தான்.”

உள்ளே ஒரு குழந்தை தூக்கத்துக்குச் சிணுங்கியது. பழக்கத்தில் எழுந்துவிட்ட பணிப்பெண், நீட்டிய கைகளைத் தானே மடக்கிக்கொண்டாள்.

“நீங்களே தூக்கிக்கோங்க மேடம்.”