இடது காது

ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸில் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் வைத்துக் கேட்டான் மெக்கானிக் ஜெபமணி. இடது காது ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய ஓர் அறையோடு போய்விட்டது. அறைந்த தேவசகாயம் சார்தான் இப்போது காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவருக்கு இவனை அடையாளம் தெரியவில்லை. அறைந்தவர்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்.

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கியர் ஆயிலின் அளவு பார்க்கும் குச்சியை உருவி முகர்ந்தான். கருகல் வாடை. உள்ளே தேய்ந்துபோன கிளட்ச் தட்டுகளை வழுக்காமல் பிடித்துவைத்திருப்பதே இந்தக் கறுப்பு ஆயிலில் கலந்த தூள்தான். புதுசு ஊற்றினால் கார் நாலு நாள் தாங்காது. யார் வந்தாலும் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவான்.

"பழச எறக்கிட்டுப் புது ஆயில் ஊத்து," என்றார் சார்.

"சார், அதுல ஒரு விஷயம்..."

"எதுத்துப் பேசாதல. சொன்னதச் செய்."

அன்றைக்கு அறைவதற்கு முன்னாலும் இதையேதான் சொன்னார்.

"சரிங்க சார்."

காருக்கடியில் படுத்து போல்ட்டைத் திருகினான். ஆயில் கறுப்பாக இறங்கத் தொடங்கியது. சார் குனிந்து, "வண்டிக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்றார்.

ஜெபமணி இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.