மூன்று தோணி, இரண்டு கால்

“சொல்லும்மா” என்றாள், மாணவர் உதவி மையத்தில் தொலைபேசியை எடுத்த அக்கா.

மறுமுனையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். “அக்கா, காலேஜ்ல இந்தத் தடவை ஏழு பாடம். சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற வேலை. லீவு நாள்ல நாய் காப்பகத்துல சேவை, குளிப்பாட்டுறதெல்லாம் நான்தான். தலை சுத்துதுக்கா!”

“மூணு தோணியில வைக்க உனக்கு எத்தனை கால் இருக்கு?”

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. “ரெண்டுதான்.”

“அப்போ ஒண்ண விடு. வேலைய விட்டுடு.”

“ஐயோ, மானேஜர் கத்துவாரே!”

“கத்தட்டும். நீ போனா கடையை இழுத்து மூடிடுவாரா? வேற ஆள் பாத்துப்பாரு.”

ஓர் உயிரைக் கரையேற்றிவிட்ட பெருமிதத்தில் அக்கா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை கல்லூரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தான் பில் போடும் கடைக்கு ஓடினாள். உதவி மையத்தில் சம்பளம் கிடையாது, வயிற்றுப்பாட்டுக்கு இதுதான்.

“சார், அடுத்த வாரம் பரீட்சை. காலை ஷிப்டுக்கு ஒரு வாரம் லீவு வேணும்...”

“லீவா?” மானேஜர் எகிறினார். “சாயங்கால ஷிப்ட் பொண்ணு நேத்தே வேலைய விட்டுட்டா. எவளோ ஒரு அக்கா போன்ல ஓதிவிட்டாளாம், ‘வேற ஆள் பாத்துப்பாரு’ன்னு!”

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆள்... கிடைச்சிதா சார்?”

“கிடைச்சாச்சு. இன்னிலேர்ந்து சாயங்காலமும் நீதான்.”