ஒரு மணி நேரம்தான்

போலந்தின் லுப்ளின் நகரில், தன் வீட்டு வாசலில் அரசாங்கக் கார் வந்து நின்றதும் ஹலீனா உள்ளே ஓடினாள். கம்பளிக் காலுறை, சோப்பு, காய்ந்த ரொட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக் கணவர் லுத்விக்கிடம் கொடுத்தாள்.

“சார் எங்களோட வரணும். ஒரு மணி நேரம்தான்” என்றார் காரிலிருந்து இறங்கிய அதிகாரி.

லுத்விக் மனைவியின் நெற்றியில் முத்தமிட்டார்.

பையைப் பார்த்து அதிகாரி சிரித்தார். “இது எதுக்கும்மா? ஜெர்மன்காரனை எதிர்த்துச் சண்டை போட்டவருக்குப் பதக்கம் குத்தத்தான் கூட்டிட்டுப் போறோம். மேயரே பேசுறார்.”

“போர் முடிஞ்சதும் நம்ம கம்யூனிஸ்ட் ஆட்சிப் போலீசும் ஒரு மணி நேரம்னுதான், தம்பி, இவரைக் கூட்டிட்டுப் போச்சு” என்றாள் ஹலீனா. “இவர் திரும்பி வர ஒன்பது வருஷமாச்சு.”

அதிகாரியின் சிரிப்பு நின்றுவிட்டது.

லுத்விக் பையைத் திறந்து பார்த்தார். “இன்னொரு ஜோடி காலுறை வை, ஹலீனா. மேயர் வேற பேசுறாராம்.”