தம்பிகளின் தனிக்குடித்தனம்

ஒரு நீர்த்துளிக்குள் ஆக்சிஜன் அக்காவும் இரண்டு ஹைட்ரஜன் தம்பிகளும் ஓயாமல் சண்டை போட்டார்கள்.

"எந்நேரமும் இவ கையைப் பிடிச்சே இருக்கணுமாம்!" என்றார்கள் தம்பிகள்.

"விட்டா ரெண்டும் பத்தி எரிஞ்சிடும்," என்றாள் அக்கா.

அந்தத் துளி கிடந்தது, வெயிலைக் கொண்டு நீரைப் பிரிக்கும் ஒரு மொட்டைமாடிக் கண்ணாடித் தொட்டியில். உள்ளே எட்டிப்பார்த்த வெயிலுக்குப் பொறுக்கவில்லை. மூவரையும் பிரித்துவிட்டது. அக்கா காற்றோடு போனாள். தம்பிகளைச் சிலிண்டரில் பிடித்து ஒரு பேருந்தில் எரிபொருளாக ஏற்றினார்கள்.

தனிக்குடித்தனம் தம்பிகளுக்கு இனிக்கவில்லை. மலையடிவாரத்தில் பேருந்து திணறியபோது, எஞ்சினுக்குள் காற்று புகுந்தது. கூடவே அக்கா!

"அக்கா!" பாய்ந்து கட்டிக்கொண்டார்கள். அந்த வேகத்தில் பேருந்து மலையேறிவிட்டது.

உச்சியில், புகைக்குழாயிலிருந்து ஒரு நீர்த்துளி சொட்டியது. உள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது:

"தள்ளி உட்காருங்கடா, மூச்சு முட்டுது!"

மேலே வெயில் தலையில் அடித்துக்கொண்டது.